பின் ஆக்சில் டிஃபரன்ஷியலை வீட்டில் மாற்றுவது எப்படி?

எஞ்சின் விசையைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்து, திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அந்த வேலை என்றதும் பலரும் தயங்குவது கிரவுன் (பெரிய வட்டப் பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) செட்டிங்கை நினைத்துத்தான். அந்தத் தயக்கம் நியாயமானது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், பேரிங் எவ்வளவு இறுக வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்பதை ஷிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முதல்முறை கை வைப்பவருக்கு அது வேண்டாம். செட்டிங் முடிந்த முழு யூனிட்டை வாங்கி, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவது வேறு வேலை. ஒரு முழு நாளும், பாரம் தாங்கும் ஸ்டாண்டுகளும், கைக்கு உதவியாக இன்னொருவரும் இருந்தால் அதை வீட்டிலேயே முடித்துவிடலாம். இங்கே சொல்லப்படுவது அந்த வேலை மட்டும்தான்.

சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா?

நல்ல டிஃபரன்ஷியலைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு சக்கர பேரிங்தான் போயிருந்தது என்று தெரியவருவது அடிக்கடி நடக்கும். அதனால் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன், பினியன் பற்கள் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை என்ன செய்தாலும் மாறாமல், வேகம் கூடக் கூட மட்டும் உறுமல் கூடினால் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். காலியான சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலச் சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்தான். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களில் கோளாறு. வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு 'டங்' மட்டும் கேட்டால் அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளும் அதன் மூட்டான யூ ஜாயிண்ட்டும்.

காதைவிட உறுதியான சாட்சி ஆயில். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்துப் பாருங்கள். கண் மை போல வழவழப்பான சாம்பல் பசை என்றால் அது வழக்கமான தேய்மானம், கவலை இல்லை. விரலிடுக்கில் தேய்க்கும்போது நறநறவென்று குத்தினால், செதில் செதிலாக இரும்பு மின்னினால், பேரிங்கோ பல்லோ உடைய ஆரம்பித்துவிட்டது.

உங்கள் ஆக்சில் எந்த வகை?

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஹவுசிங்கின் (டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஆக்சில் கூடு) பின்பக்கம் வழுவழுவென்று மூடியிருந்து, பினியன் இருக்கும் முன்பக்கத்தில் வட்டமாக எட்டு அல்லது பத்து நட்டுகள் இருந்தால், முழு யூனிட்டும் முன்பக்கமாகக் கழன்று வரும் வகை. வீட்டு வேலைக்கு இதுதான் ஏற்றது. கீழே உள்ள படிகளும் இதற்கானவைதான்.

பின்பக்கத்தில் போல்ட் போட்ட தகர மூடி இருந்தால் பினியன் ஹவுசிங்கிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே முழு யூனிட் என்று தனியாக எதுவும் கிடையாது, எதை மாற்றினாலும் செட்டிங் செய்தே ஆக வேண்டும். அந்த வகை வண்டிக்கு டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றப் பார்க்காமல், நல்ல நிலையில் உள்ள முழு ஆக்சிலையே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். மூன்றாவது, இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன் வகை. அதில் டிஃபரன்ஷியல் ஒரு பெட்டியாகச் சட்டத்தோடு போல்ட் போட்டு நிற்கும், இரண்டு பக்கமும் சிவி ஜாயிண்ட் ஷாஃப்ட்டுகள் போகும். இரண்டு ஷாஃப்ட்டையும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டையும் பிரித்தால் பெட்டி அப்படியே இறங்கிவிடும்.

யூனிட் வாங்கும் முன்

இந்த வேலையில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். கியர் விகிதம் சரியாக இருக்க வேண்டும். கிரவுன் வீலின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் விகிதம். 41 பல் கிரவுன், 10 பல் பினியன் என்றால் 4.10. 43-க்கு 11 என்றால் 3.91. ஒரே மாடல் வண்டிக்கே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொறுத்து வெவ்வேறு விகிதங்கள் வந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஹவுசிங்கில் தகடோ, வண்டியின் அடையாளப் பலகையில் ஆக்சில் குறியீடோ இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் சுற்றி எண்ணிவிடலாம். கியரை நியூட்ரலில் வையுங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் அசையாமல் நிற்கட்டும். தூக்கிய சக்கரத்திலும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். இரண்டு சுற்றில் 3.91-க்கும் 4.10-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பொறுமையாக இருபது சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.10, 39-ஐத் தொட்டு நின்றால் 3.91. உதவிக்கு ஒருவர் ஷாஃப்ட்டை எண்ணட்டும். அவர் வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தே எட்டிப் பார்க்கட்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, இரண்டையும் ஒன்றாகப் பத்து சுற்று சுற்றி எண்ண வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சில் விகிதமும் பின் ஆக்சில் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால், ஃபோர் வீலில் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும்.

விகிதத்துக்கு அடுத்து ஆக்சில் ஷாஃப்ட் முனையில் உள்ள பள்ளம் மேடான ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் வட்டத் தகடான பினியன் ஃபிளாஞ்சின் போல்ட் துளைகள், ஹவுசிங்கில் உட்காரும் வட்டத்தின் துளைகள் ஆகியவை பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய யூனிட் வாங்குகிறீர்கள் என்றால் பினியன் ஃபிளாஞ்சைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் திக்காமல், நறநறக்காமல் சுற்ற வேண்டும். கிரவுன் வீலின் எல்லாப் பல்லையும் விளக்கடித்துப் பாருங்கள். சின்னக் குழிகள், நீலம் பாய்ந்த நிறம், முனை உடைந்த பல் இருந்தால் வேண்டாம். பிறகு கிரவுனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஃபிளாஞ்சை முன்னும் பின்னும் அசையுங்கள். பல்லில் பல் தட்டும் மிக மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும். டயல் கேஜ் இருந்தால் கிரவுன் பல்லில் வைத்து அளக்கலாம். பெரும்பாலான கார்களில் இந்த ஆட்டம் 0.13 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். ஃபிளாஞ்ச் மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பினியன் நட்டில் கை வைக்காதீர்கள். பல வண்டிகளில் அதற்குப் பின்னால் நசுங்கி நிற்கும் குழாய் ஒன்றுதான் பேரிங்கின் இறுக்கத்தைக் காக்கிறது. நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் அந்த அளவு திரும்ப வராது.

தேவையானவை

மூன்று டன் தாங்கும் ஸ்டாண்டுகள் இரண்டு, டிராலி ஜாக்கி ஒன்று, சக்கரக் கட்டைகள், பாக்ஸ் ஸ்பேனர் செட், ரிங் ஸ்பேனர்கள், குறித்த அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச், ஆக்சில் ஷாஃப்ட்டை இழுக்கும் ஸ்லைடு ஹேமர், கடப்பாரை போன்ற நெம்பி, ஐந்து லிட்டர் ஆயில் பிடிக்கும் தட்டு, யூனிட்டை ஜாக்கியோடு கட்ட ராட்செட் பெல்ட்.

பொருள்களில், ஆக்சில் ஆயில் சீல் இரண்டு, ஹவுசிங் கேஸ்கெட் அல்லது ஆயில் தாங்கும் ஆர்டிவி சிலிகான் ஒரு டியூப், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டுக்குப் புது லாக் நட்டுகள், பிளக் வாஷர்கள், பிரேக் கிளீனர் இரண்டு டின், பஞ்சு அவிழாத துணி, கியர் ஆயில். ஆயில் அளவு வண்டியைப் பொறுத்து ஒன்றேகாலிலிருந்து இரண்டரை லிட்டர் வரை மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ளதைவிட அரை லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் டின்னில் ஜிஎல்-5 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குச் சரியாக நிற்காமல் விலகி நிற்பதால் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கலைத் தாங்கும் மருந்து ஜிஎல்-4-ல் போதுமான அளவு இல்லை. கனம் 75டபிள்யூ-90-ஆ, 80டபிள்யூ-90-ஆ, 85டபிள்யூ-140-ஆ என்பதை மேனுவல் சொல்லும். லிமிடெட் ஸ்லிப் வகைக்கு அதற்கென்று உள்ள ஆயில், இல்லையென்றால் அதற்கான கலவையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பத்தில் கிளட்ச் தகடுகள் அதிரும்.

கழற்றுவது

வண்டியைச் சமமான கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ட்ரம் கழல ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருப்பதும் பின் சக்கரத்தைப் பிடிக்காது. அதன்பிறகு வண்டியை நகராமல் வைத்திருப்பது அந்த நான்கு கட்டைகள் மட்டும்தான். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கிச் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டுகளை வையுங்கள். வண்டியைப் பக்கவாட்டில் பலமாக உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். செங்கல்லும் சிமெண்ட் பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

ஆயில் வடிக்கும் முன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அது திறந்தால் கீழ் பிளக்கை எடுத்து ஆயிலை வடியுங்கள்.

அடுத்து ப்ரொபெல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் ஒரே கோடாகப் பெயின்ட் குறி போட்டுவிட்டு நான்கு போல்ட்டுகளையும் எடுங்கள். ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் கம்பியால் சட்டத்தோடு கட்டி வையுங்கள். தொங்கினால் முன் ஜாயிண்ட் கெடும். முன்முனை கியர்பாக்ஸுக்குள் வழுக்கிப் போகும் வகை என்றால் அதை வெளியே உருவ வேண்டாம், கியர்பாக்ஸ் ஆயில் கொட்டும்.

சக்கரங்களையும் ட்ரம்களையும் எடுங்கள். ட்ரம் வர மறுத்தால் அதன் முகத்தில் மறையுள்ள இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் இருக்கும். அதில் இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் ட்ரம் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். ஏபிஎஸ் சென்சார் இருந்தால் இப்போதே கழற்றி ஓரமாக வையுங்கள்.

ஆக்சில் ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பவை பிரேக் தகட்டின் பக்கம் உள்ள நான்கு நட்டுகள். சில வண்டிகளில் பின்பக்கமிருந்தும், சிலவற்றில் ஃபிளாஞ்சில் உள்ள துளை வழியாகவும் ஸ்பேனர் போகும். ஷாஃப்ட்டோடு பிரேக் தகடும் சேர்ந்து வரும் அமைப்பாக இருந்தால் பிரேக் பைப்பையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழற்றியாக வேண்டும். பைப் முனையை உடனே அடைத்து வையுங்கள். பிறகு ஸ்லைடு ஹேமரை ஃபிளாஞ்சில் மாட்டி இரண்டு மூன்று அடி கொடுத்தால் பேரிங் விட்டுவிடும்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பேரிங் வெளியே வந்ததும் ஷாஃப்ட்டின் பாரம் முழுவதும் சீலின் உதட்டில் போய் உட்காரும். கூர்மையான ஸ்பிளைன் முனை அந்த உதட்டின் மேல் ஒருமுறை உரசினால் போதும், சீல் வெட்டுப்பட்டு ஆயில் பிரேக்குக்குள் போகும். ஒரு கையால் ஃபிளாஞ்சையும் மறு கையால் ஷாஃப்ட்டின் அடியையும் தாங்கி, நேர்க்கோட்டில் உருவுங்கள். ஒரு சாண் வெளியே இழுத்தாலே டிஃபரன்ஷியல் விடுபடும். ஆனால் சீல் மாற்றவும் உள்ளே கழுவவும் முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது. இடது, வலது என்று எழுதி வையுங்கள். நீளம் வேறாக இருக்கலாம்.

இனி யூனிட். கார்களில் இது 20 முதல் 40 கிலோ வரை இருக்கும். நெஞ்சின் மேல் தாங்கி இறக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடியில் டிராலி ஜாக்கியை வைத்துப் பெல்ட்டால் கட்டுங்கள். எல்லா நட்டுகளையும் எடுத்துவிட்டு, மேலே உள்ள இரண்டை மட்டும் மறையின் நுனியில் விட்டுவையுங்கள். பழைய சிலிகான் இறுகப் பிடித்திருக்கும். ஓரத்தில் நெம்புவதற்கென்று உள்ள இடத்தில் நெம்புங்கள். சேரும் முகத்துக்குள் உளியைச் செருகினால் விழும் கீறலில் ஆயில் கசியும். பிடி விட்டதும் மீதி ஆயில் கொட்டும், தட்டு தயாராக இருக்கட்டும். பிறகு இரண்டு நட்டுகளையும் எடுத்து மெதுவாக முன்னே இழுங்கள். கிரவுன் இருக்கும் பக்கம்தான் கனம். ஹவுசிங்கை விட்டு வெளியே வந்த அந்த நொடியில் யூனிட் பின்பக்கமாகச் சாயும். உதவிக்கு இருப்பவரின் கை அங்கே தேவை.

கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்

புது யூனிட் சில மாதங்களிலேயே ஊளையிட ஆரம்பித்தால் அதற்குப் பெரும்பாலும் பழைய யூனிட் விட்டுப்போன இரும்புத் தூள்தான் காரணம். தூள் நடுக்குழியில் மட்டும் தங்குவதில்லை. இரண்டு பக்கக் குழாய்களுக்குள்ளும் போய்ப் படிந்திருக்கும். ஒரு நீளமான கம்பியில் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, வெளிமுனையிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். துணி சாம்பல் நிறமாக வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் காந்தத்தை உள்ளே எல்லா மூலையிலும் ஓட்டி, பிரேக் கிளீனர் அடித்து உலரவிடுங்கள்.

ஹவுசிங்கின் மேலே சுவாசக் குழாய் ஒன்று இருக்கும். அதை வாயால் ஊதாமல் காற்றுக் குழாயால் ஊதிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால், ஓடும்போது சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சீல் மேல் சீல் மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகளில் பலமுறை குற்றவாளி இந்தச் சின்னக் குழாய்தான்.

சேரும் முகங்களில் உள்ள பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். சுரண்டும்போது ஹவுசிங் வாயைத் துணியால் அடையுங்கள். புதுச் சீல்களின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேரிங்குக்கு வெளியே சீல் இருந்து, பேரிங்கைக் காலர் போட்டு அழுத்தியிருக்கும் வகை என்றால் அதைப் பிரஸ்ஸில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்றுவது

தூக்கும் முன், யூனிட் தரையில் இருக்கும்போதே இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் ஒவ்வொன்றாக அதன் கியருக்குள் செருகிப் பாருங்கள். ஸ்பிளைன் பொருந்தவில்லை என்றால் அது இப்போதே தெரியட்டும்.

ஹவுசிங் முகத்தில் மூன்று மி.மீ. தடிமனில் சிலிகானை அறுபடாத கோடாகப் போடுங்கள். ஒவ்வொரு துளையின் உட்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். அதிகம் போட்டால் உள்ளே பிதுங்கி, உரிந்து, ஆயிலில் மிதக்கும். சிலிகான் தோல் கட்டும் முன், பத்து நிமிடத்துக்குள், யூனிட்டை ஏற்றி ஸ்டட்டுகளில் (ஹவுசிங்கில் நீட்டி நிற்கும் மறையுள்ள கம்பிகள்) உட்கார வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சரியான டார்க் அளவு மேனுவலில் இருக்கும். அது கிடைக்காதபோது, 8.8 கிரேடு எம்10 போல்ட்டுக்கு 45 முதல் 50, எம்12-க்கு 80 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு.

ஷாஃப்ட்டைச் செருகும்போது முனை ஸ்பிளைனில் முட்டி நிற்கும். அடித்து ஏற்றாதீர்கள். முனையை லேசாக உயர்த்திக்கொண்டு ஃபிளாஞ்சை இடமும் வலமும் ஒரு பல் அளவு திருப்புங்கள். சட்டென்று வழுக்கி உள்ளே போவது கைக்குத் தெரியும். பிறகு பேரிங்கைச் சமமாகத் தட்டி உட்கார வைத்து, நான்கு நட்டுகளையும் போடுங்கள்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் குறி பார்த்து, புது நட்டுகளோடு இணையுங்கள். புது ஃபிளாஞ்சில் குறி இருக்காது, பழைய யூனிட்டின் குறியை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிரேக் பைப் கழற்றியிருந்தால் அதில் புகுந்த காற்றை எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஏற்றிய பிறகு, பின் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுவது சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இயல்பு.

சிலிகான் காய டியூப்பில் எழுதியுள்ள நேரம் விடுங்கள். ஒரு இரவு விட்டால் நிம்மதி. ஆயிலை வண்டி சமமாக நிற்கும்போதுதான் ஊற்ற வேண்டும். பின்பக்கம் தூக்கியபடி ஊற்றினால் அளவு தவறும். ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது சொட்டாகக் குறைந்ததும் பிளக்கை மூடுங்கள்.

முதல் ஓட்டம்

இருபது நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டிவிட்டு முழுவதும் ஆறவிடுங்கள். பிறகு அடியில் துணியால் துடைத்து, கசிவு இருக்கிறதா பாருங்கள், ஆயில் அளவையும் சரிபாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஹவுசிங் கதகதப்பாக இருப்பது சரி. கை அருகே கொண்டுபோகவே முடியாத சூடு என்றால் ஆயில் குறைவு, அல்லது பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது. வேகத்தோடு சேர்ந்து அதிர்வு வந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை எடுத்து, அரைச் சுற்று திருப்பிப் பொருத்திப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் புதிதாக ஊளை கேட்டால் யூனிட்டின் செட்டிங்கே தவறு. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள்.

புதுப் பல் போட்ட யூனிட் என்றால் முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றவோ டிரெய்லர் இழுக்கவோ வேண்டாம். அதன்பின் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். அந்த ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு இருக்கும், அது புதுப் பற்கள் ஒன்றோடொன்று படிந்ததன் அடையாளம். காந்தத்தில் செதில் ஒட்டியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு யூனிட்டைத் திறந்து பாருங்கள். பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் டின்னில் அடைத்து, பழைய எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.